நாலேகாலும் நாலேமுக்காலும்

போன மாதம், நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு காரியமும் இல்லாமல் போயிருந்தேன். வேலையிலிருந்து நின்றவனுக்கு அப்படிப் போய் நிற்க ஒரு இடம் வேண்டியிருக்கிறது. வாசலில் ஒரு பேட்டரி சைக்கிள் நின்றிருந்தது. பெடலும் உண்டு, மோட்டாரும் உண்டு. மெக்கானிக் பிரகாஷ் அதை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"அண்ணே, புகை டெஸ்ட்டுல நீங்கதான் பெரிய ஆளாச்சே. இதுக்கு எங்க குச்சிய சொருகறதுன்னு சொல்லிட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குச்சி என்பது புகை அளக்கும் மீட்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயின் நுனியில் இருக்கும் கம்பி. அதைச் சைலன்சருக்குள் விட்டுத்தான் அளக்க வேண்டும். பாதி ஆயுளை அதைப் பிடித்தபடியே கழித்தவன் நான். "அந்தக் காலத்துக் கதை ஏதாவது எழுதுங்கண்ணே, சங்க மலர்ல போட்டுடலாம்" என்றான் பிரகாஷ். மெக்கானிக்குகள் சங்க மலருக்கு ஏற்ற கதையா இது என்று தெரியவில்லை. என் மனைவியிடம் எதை எழுதப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "எழுதுங்க, எனக்கின்னா. இத்தன வருஷமா வியாழக்கிழமையானா உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆவுது, ஏன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

எண்பத்தொன்பதில் வேலைக்குச் சேர்ந்தேன். திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனதும் அதே வருஷம்தான். ஐ.டி.ஐ.யில் எனக்குக் கிடைத்தவை ஒரு சான்றிதழும், எல்லாம் தெரியும் என்ற நினைப்பும். இரண்டாவதைத் தஸ்தகீர் மேஸ்திரி ஒரே மாதத்தில் கழற்றிப் போட்டுவிட்டார். எங்களுடையது மொபெட் விற்பனையும் சர்வீஸும். மொபெட் என்றால் இன்றைக்கு இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: பெடல் போட்டுக் கிளப்பினால் மோட்டார் வண்டி, இன்ஜின் நின்றுபோனால் பழையபடி சைக்கிள். பால்காரர், தபால்காரர், வாத்தியார் எல்லோரும் அதில்தான் போனார்கள்.

அதே வருஷம்தான் வண்டிப் புகைக்கென்றும் ஒரு விதி வந்தது. இரண்டு சக்கர வண்டி நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது, அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு நூற்றுக்கு நாலரைக்கு மேல் இருக்கக் கூடாது. எங்களுக்கு மீட்டர் வந்து சேர அதற்கப்புறம் சில வருஷங்கள் ஆயின. "சட்டம் தபால்ல வரும், மீட்டர் லாரியிலதான் வரும்" என்பார் மேஸ்திரி.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்கு வெள்ளைச் சட்டை போட்டு வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். எப்படி என்று எங்களில் ஒருவருக்கும் புரிந்ததில்லை. கோபம் வந்தால் குரல் குறையும். ஸ்பேனரை விட்டெறிகிற மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிறேன், அவர்களைச் சமாளிப்பது சுலபம். இவர் சத்தமில்லாமல் ஸ்பேனரை நம் கையிலிருந்து வாங்கித் துடைத்து ஆணியில் மாட்டிவிடுவார். அன்றைக்கு நமக்கு வேலை இல்லை என்று அர்த்தம்.

புகை டெஸ்ட்டுக்கு அவர் வகுத்த முறை வேறெங்கும் நான் பார்க்காதது. முதலில் வண்டியைப் பெரிய தெரு வரை ஓட்டி இன்ஜினைச் சூடாக்க வேண்டும். குச்சியை வாசலுக்கு வெளியே நீட்டி, நல்ல காற்றில் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு குச்சியில் சுற்றிய சிவப்பு டேப் மறையும்வரை சைலன்சருக்குள் விட வேண்டும். டேப் வெளியே தெரிந்தால் உள்ளே காற்று போகும், எவ்வளவு ஓட்டை வண்டியும் பாஸாகிவிடும். முப்பது எண்ண வேண்டும். முள் நடுங்கும். அது ஆடுகிற ஆட்டத்தின் நடுவைப் பார்த்து, வாய் திறந்து உரக்கச் சொல்ல வேண்டும். மேஸ்திரி மீட்டருக்கு முதுகைக் காட்டி மேசை முன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். காதில் விழுந்ததை எழுதுவார். திரும்பிப் பார்க்கவே மாட்டார். ஒரு வண்டிக்கு ஒரு நாளில் ஒரு டெஸ்ட்தான், தோற்றால் இன்னொரு நாள்தான் வர வேண்டும்.

"பாக்கறவன் எழுதக் கூடாது, எழுதறவன் பாக்கக் கூடாது. எழுதறவன் பாத்தா வண்டிக்காரன் மூஞ்சியும் கண்ணுல படும், அப்பறம் கை வளையும்" என்றார் ஒருமுறை. பார்க்கிறவனின் வாய் வளையுமா என்று அவர் யோசிக்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மீட்டரில் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே நாலு கட்டம். அதனால் காலும் அரையும் முக்காலுமாகத்தான் சொல்வோம். மூணேமுக்கால், அஞ்சேகால், ஆறரை. பாஸான வண்டியின் கார்புரேட்டரில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவில் மேஸ்திரி ஒரு சொட்டு சிவப்பு பெயின்ட் வைப்பார். டெஸ்ட்டுக்கு முந்தின செட்டிங் முடிந்ததுமே வைத்துவிடுவதும் உண்டு. அப்புறம் யார் அந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் பெயின்ட் விரிசல் விடும், திருகியது தெரிந்துபோகும்.

இப்படியிருந்த ஒரு வியாழக்கிழமை சகுந்தலா வந்தார்.

அடி அண்ணாமலையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். அவருடைய அப்பாவின் பழைய மொபெட். அப்பா இறந்து, வண்டி இவர் பேருக்கு மாறி, பதினைந்து வருஷப் பதிவும் முடியப்போகிறது. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் தற்காலிக நர்ஸ், வியாழன் வார லீவு. செங்கம் ரோட்டில், ஆசிரமங்கள் இருக்கிற பக்கம், வெளிநாட்டு டாக்டர் ஒருவர் நடத்திய சின்ன கிளினிக்கில் நிரந்தர வேலை இருந்தது. மலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே புண்ணைக் கழுவிக் கட்டுப் போடும் வேலை. டாக்டருக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஒரே நிபந்தனை, சொந்த வண்டி வேண்டும், பதிவு புதுப்பித்திருக்க வேண்டும், புகைச் சான்றிதழ் இருக்க வேண்டும். மூச்சுத் திணறுகிறவர் வீட்டு வாசலில் புகை கக்குகிற வண்டி வந்து நிற்கக் கூடாது என்பது டாக்டரின் சட்டம்.

"புது வண்டி வாங்க நமக்கு வசதியில்லைங்க. இதையே எப்படியாவது பாஸ் பண்ணிக் குடுங்க. இந்த வேலை கெடைக்கலன்னா ஓசூர்ல மாமா வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான், அங்க ஏதோ கம்பெனி ஆஸ்பத்திரி இருக்காம்" என்றார். அம்மாவை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. சொல்லும்போது மலைப் பக்கம் பார்த்தார்.

குச்சியை விட்டேன். "ஏழரை" என்றேன். மேஸ்திரி எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

இன்ஜினைப் பிரித்தால், பிஸ்டன் ஓடுகிற குழி, போர் என்போம், அது தேய்ந்து, இன்ஜின் கேஸில் விரிசலும் விட்டிருந்தது. அடுத்த வியாழன் மூன்று வழிகளை பெஞ்சின்மேல் பரப்பி வைத்தோம். ஒன்று, பழைய இன்ஜினையே போர் கடைந்து விரிசலுக்கு வெல்டிங் வைப்பது. இரண்டு, வேலூர் காயலான் கடையில் கிடைத்த ஒரு இன்ஜின், நல்ல இழுவை. மூன்று, எங்கள் கம்பெனியின் புது மாடல் இன்ஜின். அளவில் சிறியது, இழுவை கம்மி, இந்த வண்டியின் ஃபிரேமில் உட்கார வைக்க இரும்புப் பட்டை அடித்துத் துளை போட வேண்டும்.

நான் காயலான் கடை இன்ஜினைப் புகழ்ந்து பேசினேன். மேஸ்திரி அதைத் திருப்பி, நம்பர் அடித்திருந்த இடத்தை விரலால் தடவினார். அரம் போட்ட தடம் இருந்தது. "இது எவன் வண்டியில இருந்து வந்துச்சோ. பிரேக் இன்ஸ்பெக்டர் மொதல்ல இங்கதான் பாப்பாரு" என்று ஓரமாகத் தள்ளினார். பிரேக் இன்ஸ்பெக்டர் என்பது மோட்டார் வாகன ஆய்வாளருக்கு ஊர் வைத்த பெயர். பிறகு சகுந்தலாவிடம், "எது நல்லா ஓடும்னு பாக்காதம்மா. வாசல்ல நிக்கறப்ப எது கம்மியா புகையும்னு பாரு. புதுசுதான் கம்மி. ஆனா ஏத்தத்துல திணறும், எறங்கித் தள்ளணும்" என்றார்.

"தள்ளிக்கறேன் பாய். தள்ளித்தானே வந்தேன்" என்றார் அவர்.

மூன்றாவது வியாழன் இன்ஜின் ஏறிவிட்டது. பட்டைகூட நானே அடித்தேன். ஆனால் குழாய் பொருந்துகிறதே என்று பழைய கார்புரேட்டரையே மாட்டினேன். அந்தச் சின்ன இன்ஜினுக்கு அது பெட்ரோலை வாரி இறைத்தது. ஆறேகால். மேஸ்திரி என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கித் துடைத்து மாட்டினார். எனக்கு வேலை இல்லாமல் போன அந்த மத்தியானம், நானும் சகுந்தலாவும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். என் ஆயுளில் அவ்வளவு நல்ல தண்டனை வேறு கிடைத்ததில்லை.

அவர் மீட்டரை எட்டிப் பார்த்து, "எங்க பி.பி. மிஷின் மாதிரியே இருக்கு. நாங்களும் முள்ளுதான் பாப்போம். ஆனா உங்கள மாதிரி காய்கறிக்காரர் கணக்கா காலு, அரைன்னு கத்த மாட்டோம்" என்று கேலி செய்தார். வீட்டுக்குப் போன பிறகு எனக்கு நாலு பதில் தோன்றியது.

ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற பெண்கள் எல்லோரும் என்னை "அண்ணா" என்பார்கள். இவர் ஒருமுறைகூட அப்படிக் கூப்பிடவில்லை. "ஏங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். நான்தான் அவரை "சிஸ்டர்" என்று கூப்பிட வேண்டியிருந்தது. நர்ஸை வேறெப்படிக் கூப்பிடுவது? அந்த வார்த்தையை நர்ஸுக்கு வைத்தவன் என்னைப் போல் ஒருவனை நினைத்துப் பார்த்திருக்க மாட்டான். மூன்றாவது வாரத்திலிருந்து நானும் "ஏங்க"வுக்கு வந்துவிட்டேன்.

நாலாவது வியாழன் கார்புரேட்டரில் பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டை மாற்றிச் சைலன்சரில் கரி எடுத்தோம். அஞ்சேகால். சூடான சைலன்சரில் கை பட்டு என் மணிக்கட்டு வெந்துபோனது. அவர் பையிலிருந்து துணி எடுத்து, தண்ணீர் ஊற்றி, களிம்பு வைத்துக் கட்டினார். "கட்டு நனையக் கூடாது. அடுத்த வியாழன் நானே அவுத்துப் பாக்கறேன்" என்றார். அந்த வாரம் நான் ஒரு கையால்தான் குளித்தேன்.

ஐந்தாவது வியாழன். காலையிலேயே மேஸ்திரி கார்புரேட்டரை நுணுக்கமாகச் சரிசெய்து, சிவப்புப் பெயின்ட்டும் வைத்துவிட்டார். "இன்னிக்கு பாஸாயிடும்" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சகுந்தலா வந்ததும் முதலில் என் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். "ஆறிடுச்சு. இனிமே கட்டு வேணாம்" என்றார். பிறகு சொன்னார், "இந்த மாசத்துக்குள்ள பேப்பர் குடுக்கணும்னு கிளினிக்குல சொல்லிட்டாங்க. இன்னிக்கு ஆயிட்டா நாளைக்கே இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டிடலாம், அப்பறம் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

வண்டியைச் சூடாக்கினேன். பூஜ்யம் வைத்தேன். டேப் மறையும்வரை குச்சியை விட்டேன். முப்பது எண்ணினேன். முள் நடுங்கி, நாலைத் தாண்டி ஒரு கட்டத்தில் நின்றது. நாலேகால்.

காயமும் ஆறிவிட்டது, வண்டியும் பாஸாகிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை அவர் எதற்கு வருவார்? அந்த ஒரு கேள்விதான் என் தலைக்குள் ஓடியது. மாதம் முடிய இன்னும் ஒரு வியாழன் இருக்கிறது என்றும் கணக்குப் போட்டேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம். அதற்குள் வாயைத் திறந்து சொல்லிவிடலாம்.

"நாலேமுக்கால்" என்றேன்.

காலுக்கும் முக்காலுக்கும் நடுவில் ஒரே ஒரு 'முக்'. அவ்வளவுதான் நான் செய்தது. மேஸ்திரியின் பேனா கொஞ்சம் தயங்கி எழுதியது. சகுந்தலா என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லாப் பாத்தீங்களா?" என்றார். "பாத்தேங்க. கொஞ்சந்தான் ஜாஸ்தி. அடுத்த வியாழன் கொண்டாங்க, கண்டிப்பா ஆயிடும்" என்றேன். அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுக்க நான் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். புதுச் சட்டை தைக்கக் கொடுத்தேன். வியாழன் காலை அந்தச் சட்டையோடு தெருவில் கால் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெளியூர் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன, ஜனங்கள் செருப்பில்லாமல் மலைப்பாதையை நோக்கிப் போகிறார்கள். பௌர்ணமி. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு பௌர்ணமியை மறந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடி அண்ணாமலை கிரிவலப் பாதையிலேயே இருக்கிற ஊர். அன்றைக்கு அந்த வழியில் வண்டி விட மாட்டார்கள்.

சாயங்காலம் வரை வாசலில் நின்றேன். அவர் வரவில்லை. மறுநாளும் கூட்டம் வடியவில்லை. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு ஓடி வந்தார். குச்சியை விட்டேன். "நாலேகால்" என்றேன். மேஸ்திரி எழுதினார். எழுதியவர், மேலே போன வாரத்து வரியைப் பார்த்தார்.

"நடுவுல இன்னா பண்ண, ஏழுமல?"

"ஏர் ஸ்க்ரூவ அர சுத்து வுட்டேன் பாய்."

அவர் எழுந்து வந்து, குனிந்து கார்புரேட்டரைப் பார்த்தார். அவர் வைத்த சிவப்புப் பெயின்ட் விரிசல் விடாமல், வைத்தது வைத்தபடி இருந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டு சகுந்தலாவிடம் கொடுத்தார். சகுந்தலா போன பிறகு தன் நாற்காலியைத் தூக்கி மீட்டரைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டார். அவர் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலி அப்படியேதான் இருந்தது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் வண்டி பார்ப்பது வெள்ளிக்கிழமைதான். அடுத்த வெள்ளி வருவதற்குள் மாதம் முடிந்துவிட்டது. கிளினிக்கில் வண்டி தயாராக வைத்திருந்த வேறொரு நர்ஸை எடுத்துக்கொண்டார்கள். இதை எனக்குச் சொன்னது சகுந்தலா இல்லை. அடி அண்ணாமலை பால்காரர் ஒருவர் வண்டியை சர்வீஸுக்கு விட வந்தபோது, "அந்த நர்சம்மா ஓசூர் போயிட்டாங்க, அம்மாவையும் இட்டுகினு" என்றார். மொபெட்டை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். அதை விற்கவில்லை, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம்.

ஓசூருக்கு ஒரு பஸ் தூரம்தான். போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கிறேன். என்னவென்று சொல்வது? உங்கள் வேலையைக் கெடுத்தவன் நான், உங்கள்மேல் உள்ள ஆசையால் கெடுத்தேன் என்றா? அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். நன்றாகத்தான் வாழ்ந்தேன், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனாலும் ஏதாவது ஒரு சின்ன மொபெட் இன்ஜின் தெருமுனையில் மெல்லப் படபடத்தால் என் கை வேலையை நிறுத்திவிடும். அந்தச் சத்தத்துக்கு நான் எத்தனையோ வருஷம் ஏங்கினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பழைய மீட்டர் போய், எண்ணைத் தானே காட்டித் தானே அச்சடிக்கிற மிஷின் வந்தது. மேஸ்திரியும் இல்லை, அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"கிரிவலம் வந்தோங்க. வூட்டுக்காரர் டீ குடிக்கிறாரு. இந்தக் கடை இன்னும் இருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். ஓசூர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாம். அம்மா போய்விட்டார்களாம். புது மிஷினைப் பார்த்தார். "இப்ப யாரும் கத்தத் தேவையில்லபோல" என்று சிரித்தார்.

பிறகு சிரிப்பு நின்றது. "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனப்பு. அன்னிக்கு நான் நின்ன எடத்துலருந்து முள்ளு நாலேகால் மாதிரிதான் தெரிஞ்சுது. நெதம் முள்ளு பாக்கறவ நான். ஆனா பக்கவாட்டுல நின்னா தப்பாத் தெரியும், நேராப் பாக்கறவருக்குத்தான் சரியாத் தெரியும்னு நெனச்சு போயிட்டேன். அடுத்த வியாழன் பெடல் போட்டுகினே வந்து பாத்தேன், கூட்டம் வுடல. அது நாலேகால்தானே?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முள்ளும் இல்லை, மீட்டரும் இல்லை, கேட்ட மேஸ்திரியும் இல்லை.

"நாலேகால்தாங்க" என்றேன். "அடுத்த வியாழனும் நீங்க வரணும்னுதான்."

அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் வரணும்னா என்னையே வரச் சொல்லியிருக்கலாமே" என்றார். "வந்திருப்பேன். வண்டிய ஏன் ஃபெயில் பண்ணீங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாசல்வரைகூடப் போகவில்லை.

பிரகாஷுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அந்தப் பேட்டரி சைக்கிளில் குச்சியைச் சொருக இடம் கிடையாது தம்பி. அதை ஓட்டுகிற யாரும் புகைக்காக நம் வாசலுக்கு வரப்போவதில்லை. வர வேண்டும் என்று உனக்கு யாரைப் பற்றியாவது தோன்றினால், பேர் சொல்லிக் கூப்பிடு.